குறைசொல்லி வண்டி வாங்கப் போனார்

அந்தக் கடைத்தெருவில் யாரை நிறுத்தி, "பழைய வாஷிங் மெஷின் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாலும், "நேராப் போங்க, பெயின்ட் கடையைத் தாண்டினதும் குறைசொல்லி கடை" என்பார்கள். கடைக்கு மேலே பலகையில் வேறு பெயர்தான் எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. போஸ்ட்மேன்கூட, "குறைசொல்லி சார், உங்களுக்குத் தபால்" என்றுதான் குரல் கொடுப்பார்.

பேரைக் கேட்டுவிட்டு, எப்போதும் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஊரைத் திட்டுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் பரம சாது. கடைக்குள் ஒருவர் நுழைந்து ஒரு மெஷினைக் கைகாட்டினால் மற்ற வியாபாரிகள் என்ன செய்வார்கள்? ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, "சும்மா ராஜா மாதிரி ஓடும் சார்" என்பார்கள். இவர் முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு வந்தவரை உட்காரச் சொல்வார். அப்புறம் ஆரம்பிப்பார். "இதுல மூடி சரியா உட்காராது, ஒரு தட்டு தட்டணும். தண்ணி வெளிய போற குழாய் நான் மாத்தினது, கம்பெனிக் குழாய் இல்ல. பிழியிற நேரத்துல முனகும், பக்கத்து ரூம்ல குழந்தை தூங்கினா எழுந்துக்கும். எண்ணெய்க் கறை இதுல போகவே போகாது, இப்பவே சொல்லிட்டேன்." எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகுதான் சுவிட்சைப் போட்டுக் காட்டுவார். அவசரமாக இருக்கிறது, குறையெல்லாம் வேண்டாம், பொருளைக் கொடுங்கள் என்று நின்றவர்களுக்கு அவர் விற்றதே இல்லை.

"ஏங்க, நீங்க விக்க உட்கார்ந்திருக்கீங்களா, விரட்ட உட்கார்ந்திருக்கீங்களா?" என்று ஒரு அம்மா ஒருமுறை கேட்டேவிட்டார்.

"நாளைக்கு நீங்க வந்து என்கிட்ட கத்தப் போறதை இன்னைக்கே நான் சொல்லிட்டேன். உங்களுக்கு ஒரு நடை மிச்சம்" என்றார் இவர். அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். பிறகு தன் தங்கையையும் அனுப்பிவைத்தார்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பழைய மெஷினைப் போய் எடுத்து வருவதும், சரிசெய்ததைக் கொண்டுபோய் இறக்குவதும்தான் இந்தத் தொழிலில் பாதி. அதற்கு ஒரு வாடகை வண்டிக்காரர் இருந்தார். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார், ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியும் விடுவார். அவர், மகன் வீட்டோடு போய் இருந்துகொள்கிறேன் என்று வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு ரகம். ஒருவர் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். இன்னொருவர் வருவார், ஆனால் ஃபிரிட்ஜைப் படுக்கப் போட்டுத்தான் கொண்டுபோவேன் என்று அடம்பிடிப்பார். படுக்கப் போட்டால் கம்ப்ரஸரில் இருக்கிற எண்ணெய் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய்விடும். அது தெரிந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொரு நடைக்கும் தானே பின்னால் ஏறி, ஃபிரிட்ஜை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போவார். வேறொருவர், முன்பக்கம் கதவு வைத்த மெஷினை ஒற்றை ஆளாகத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ரக மெஷினின் வயிற்றுக்குள் அது ஆடாமல் இருக்க ஒரு சிமென்ட் கட்டையையே வைத்திருக்கிறார்கள் என்பது தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில், இனி தாங்காது, சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கிவிடுவோம் என்று வீட்டில் மூன்று பேரும் பேசி முடிவெடுத்தார்கள்.

மூன்று பேர் என்றால் அவர், அவர் மனைவி, மகள். மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் தையல் வேலை பார்க்கிறார். கிழிந்த படுக்கை விரிப்பு, நாடா அறுந்த நோயாளிச் சட்டை எல்லாம் இந்தத் தையல்காரம்மா கைக்கு வந்துதான் திரும்ப வார்டுக்குப் போகும். மகள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, உயிரை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறவள். அதனால் வீட்டில் அவளுக்குக் குரல் கொஞ்சம் உசத்தி.

பழைய வண்டிதான் வாங்கப் போகிறோம் என்பதில் அம்மாவுக்கும் மகளுக்கும் துளி சந்தேகம் இல்லை. மகள் நாலு இடத்தில் சொல்லியும் வைத்துவிட்டாள். இந்த நிலையில், ஒருநாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குறைசொல்லி தட்டைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

"புது வண்டியா வாங்கிரலாம்னு இருக்கேன்."

மகளுக்குப் புரையேறிவிட்டது. தையல்காரம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எட்டி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு ஒண்ணும் இல்லையே?"

"கிண்டல் பண்ணாதீங்க ரெண்டு பேரும். புதுசுன்னா வாரண்டி இருக்கு. நடுரோட்டுல நிக்காது."

"வாரண்டியா! உங்க வாயில இருந்தா இது வருது?" என்றாள் மகள். "கம்பெனிக்காரனுக்கு அவன் பொருள் மேலயே இருக்கிற சந்தேகத்துக்குப் பேருதான் வாரண்டின்னு கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களேப்பா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?" என்று தையல்காரம்மா பிடித்துக்கொண்டார். "எங்க தலையில பழசைக் கட்டிட்டு இவர் மட்டும் புதுசுல போறாரு பாருன்னு நாலு பேர் சொல்லமாட்டாங்களா? இத்தனை வருஷமா உங்க பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்குங்க. அதை நீங்களே கெடுத்துக்கப் போறீங்களா?"

நியாயமான கேள்விதான். குறைசொல்லி எழுந்து கை கழுவப் போய்விட்டார். காரணத்தை அங்கேயே சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மெஷினுக்கு என்ன நோவு என்று மணிக்கணக்காகச் சொல்கிற அந்த வாய்க்கு, தன் மனசில் இருப்பதைச் சொல்ல மட்டும் வராது. அவர் சொல்லாவிட்டால் போகட்டும், நான் சொல்கிறேன்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னால் மாடி வீட்டில் ஒரு புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. ஆடாமல் நிறுத்திக் கொடுங்கள் என்று இவரைக் கூப்பிட்டார்கள். தையல்காரம்மாவும் வேடிக்கை பார்க்கக் கூடவே ஏறிப் போனார். கதவின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கிற வேலை அவர் கைக்கு வந்தது. ஒரு மூலையை நகத்தால் கிளப்பினார். கிழியாமல் மெதுவாக இழுத்தார். பாதி வந்ததும் சர்ர்ரென்று ஒரே இழுப்பு. உள்ளே, ஒரு விரல்கூடப் படாத கதவு பளபளவென்று நின்றது. அப்போது அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று லீவு விட்டால் பிள்ளைகளுக்கு வருமே, அந்தச் சிரிப்பு! "அந்தப் பக்கத்தையும் நானே உரிச்சிரட்டுமா?" என்று கேட்டு அதையும் உரித்தார். குறைசொல்லி கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிட்டார். நம் வீட்டில் இவள் ஒரு தடவைகூட இப்படி ஒன்றை உரித்ததில்லையே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

உண்மைதான். அந்த வீட்டுக் கட்டில் ஒரு லாட்ஜை இழுத்து மூடியபோது வந்தது. தலைமாட்டில் இன்னும் அறை எண் இருக்கிறது. சாப்பாட்டு மேஜை ஏதோ ஒரு வக்கீல் ஆபீஸில் இருந்தது, எத்தனை தேய்த்தும் ஒரு மூலையில் மைக்கறை போகவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் முகம் தெரியாத ஒரு குழந்தை ஒட்டிய வாத்து ஸ்டிக்கர், பாதி சுரண்டிய நிலையில் இவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வாஷிங் மெஷின் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடையில் விலை போகாமல் நிற்பது எதுவோ அதுதான் வீட்டு மெஷின். அதற்கும் ஆள் வந்துவிட்டால் பாதித் துவையலில் கழற்றிக்கொண்டு போய்விடுவார். தையல்காரம்மா சோப்பு நுரையோடு துணியை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டே, "நல்லவங்க கைக்குத்தானே போகுது?" என்று கேட்பாரே தவிர ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்படிச் சுளிக்காமல் இருந்ததுதான் இப்போது மனிதரைப் போட்டுக் குடைந்தது.

இன்னொன்றும் இருந்தது. அந்த வீட்டுக்கு வந்த பழைய பொருள்களிலேயே பெரிய பழைய பொருள் அவர்தான்.

அவருடைய முதல் மனைவி, மகள் பிறந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டார். தாயில்லாக் குழந்தையை வைத்துக்கொண்டு இவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு கையில் பால்புட்டி, இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவர். ஒரு வருஷம் போன பிறகு சொந்தக்காரர்கள் பார்த்து, கல்யாணப் பேச்சு பேச இந்தத் தையல்காரப் பெண் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். "நல்ல உழைப்பாளி, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது" என்று அவர்கள் ஆரம்பித்ததுதான் தாமதம், இவர் குறுக்கே புகுந்தார். "கொஞ்சம் இருங்க. எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகி, அவங்க தவறிட்டாங்க. ஒரு குழந்தை இருக்கு, ராத்திரி தூங்காது. இருக்கிறது வாடகை வீடு. நான் குறட்டை விடுவேன். கோபம் வந்தா பேசமாட்டேன், ஊமை மாதிரி இருப்பேன். முடி இன்னும் கொட்டும், எங்க அப்பாவுக்கு மொத்தமா கொட்டிருச்சு." கூட வந்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "குழந்தை எங்க? யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

அந்தக் கேள்விக்காகவே அவர் இன்றுவரை அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வாழ்கிறார். ஆனாலும், முதல் கல்யாணம் என்று ஒரு பெண்ணுக்கு எத்தனை ஆசை இருந்திருக்கும்! வந்து வாய்த்ததோ இப்படி ஒரு வழுக்கைத் தலை. நான் கொடுத்ததில் ஒன்றாவது புதுசு உண்டா, நானே புதுசு இல்லையே என்று மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்த நாள் முதலாக அவருக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சீட்டில் பிளாஸ்டிக் உறையோடு ஒரு புது வண்டி வரட்டும், அவள் கையால் அதை உரிக்கட்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

அடுத்த விடுமுறை நாளில் மூவரும் ஷோரூமுக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர், வழுக்குகிற தரை, மெல்லிசாக ஏதோ சங்கீதம். நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு பிக்கப் நின்றது. டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் ஓடி வந்து வணக்கம் சொன்னார். குறைசொல்லி பதில் வணக்கம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். வேறென்ன, பழக்கதோஷம்! கதவை விரல் கணுவால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஸ்க்ரூத் தலைகளில் யாராவது கைவைத்த கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார். கடைசியில் பளபளக்கிற அந்தத் தரையில் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியிலும் போய்விட்டு வந்தார்.

"இது இதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?" என்று சட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"சார், இது புது வண்டி சார்."

"அது சரி. எதுக்காகக் கொடுக்குறாங்க?"

"யாரு சார்?"

"இதை விக்கிறவங்க."

"கம்பெனிதான் சார் விக்குது."

மகள் தூணுக்குப் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். குறைசொல்லி விடவில்லை. "சரி, இதுல என்னென்ன குறைன்னு சொல்லுங்க."

"குறையே இல்ல சார்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணே ஒண்ணுகூட இல்ல சார்."

ஏ.சி. குளிரிலும் மனிதருக்கு வேர்த்துவிட்டது. வாழ்நாள் முழுக்க எந்த வார்த்தையைக் கேட்டால் எழுந்து போய்விடுவாரோ, அந்த வார்த்தையைச் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டு ஒருவர் முன்னால் நிற்கிறார். "இன்னும் ஓடவே இல்லையே, பாவம், இவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று தனக்குள் முணுமுணுத்துச் சமாதானப்படுத்திக்கொண்டார். பிறகு, எதற்காக வந்தாரோ அதைச் செய்தார். "ஏம்மா, நீ ஏறி உட்கார்ந்து பாரேன்."

தையல்காரம்மா செருப்பைக் கழற்றப் போனார். "பரவாயில்ல மேடம், போட்டுக்கங்க" என்று விற்பனையாளர் கெஞ்சிய பிறகுதான் ஏறினார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரின் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினால் இப்படித்தான் உட்காருவார்.

"வண்டி எடுக்கிற அன்னைக்கு இந்தக் கவரை உங்க கையாலயே உரிக்கலாம் மேடம்" என்றார் விற்பனையாளர்.

குறைசொல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்குப்பா உரிக்கணும்? அழுக்காயிடும். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா இறங்கிவிட்டார்.

அவருக்குப் பெரிய ஏமாற்றம். இருந்தாலும், கூச்சமாக இருக்கும், வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டார். இப்போதே முன்பணம் கட்டிவிடலாமா என்று அவர் மகளின் காதைக் கடித்தபோது அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். "அப்பா, பின்பக்கம் எவ்வளவு உசரம்னு பாத்தீங்களா? உங்க சிமென்ட் கட்டை மெஷினை இதுல ஏத்தணும்னா முதல்ல நீங்க ஒரு புது முதுகெலும்பு வாங்கணும். முட்டை வியாபாரி ஒருத்தர் வண்டி விக்கிறாராம். அதையும் ஒரு பார்வை பாத்துருவோம். அப்புறம் உங்க இஷ்டம், நான் வாயே திறக்கல."

அவள் வாயைத் திறக்காமல் இருக்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போய்ப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று சரி என்றார். மனசுக்குள் அவருக்கு வெள்ளை வண்டிதான்.

முட்டை வியாபாரியின் வீட்டு முற்றத்தில் அட்டைத் தட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பக்கத்தில் நீலம் வெளுத்த ஒரு பிக்கப். முட்டைக்காரர் தடித்த கண்ணாடி போட்டிருந்தார். பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அதுதான் விற்கக் காரணம். எதுக்காகக் கொடுக்குறீங்க என்ற கேள்விக்கு இங்கே கேட்பதற்கு முன்பே பதில் கிடைத்துவிட்டதில் குறைசொல்லிக்கு ஒரு சின்ன திருப்தி.

"வண்டி புதுசு மாதிரிங்க. ஒரு குறை கிடையாது" என்றார் முட்டைக்காரர்.

போச்சு! குறைசொல்லியின் முகம் தொங்கிவிட்டது. கிளம்பலாமா என்று மகளைப் பார்த்தார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது.

"மழை பெஞ்சா இடதுபக்கக் கதவு திறக்காதுன்னு சொல்லுங்க!"

"நீ சும்மா இரு!" என்றார் முட்டைக்காரர், திரும்பிப் பார்க்காமலே.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தவ நான்தானே? ஹார்னை அமுக்கினா கண்ணாடி துடைக்கிறது ஆடும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க!"

குறைசொல்லி சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சொல்லுங்கய்யா. ஒண்ணு விடாம சொல்லுங்க. நான் ஓடிப்போயிட மாட்டேன்."

முட்டைக்காரருக்கு முதலில் வெட்கம். பெண்டாட்டி மானத்தை வாங்கிவிட்டாள் என்று முணுமுணுத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அவர் குரலில் ஒரு இளக்கம் வந்தது. "காலையில முதல் தடவை சாவியைத் திருப்பினா கேக்காது. ரெண்டாவது தடவைதான். அவசரப்படுத்தினா அதுக்குப் பிடிக்காது. மூணாவது கியர் முரண்டு பண்ணும், கெஞ்சித்தான் போடணும். சீட்டு ஒரு இடத்துல கிழிஞ்சிருக்கு. வெயில் ஏறினா முட்டை வாடை வரும், என்ன கழுவியும் போகல, மன்னிச்சுக்கங்க." கொஞ்சம் நிறுத்தி, வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டார். "ஆனா ஒண்ணுங்க. இது ஒரு நாளும் பள்ளத்துல விழுந்ததில்ல. பின்னாடி முட்டையை வெச்சிக்கிட்டு எவன் வேகமாப் போவான்? என் கண்ணு மங்கினது எனக்கே தெரியாத காலத்துலயும், ஒருத்தர் மேலயும் இடிக்காம என்னைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுருக்கு. அந்த நன்றி எனக்கு இதுமேல இருக்கு."

குறைசொல்லி ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் வாழ்நாளில் எத்தனையோ பேருக்குக் குறை சொல்லியிருக்கிறார். தனக்கு ஒருவர் இப்படி உட்கார்ந்து சொல்லி அவர் கேட்டதில்லை.

மகள் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தாள். "கிளட்ச் வெண்ணெய். பிரேக்கும் சுத்தம். பின்பக்கம் தாழ்வா இருக்கு, ஏத்தி இறக்க லேசு. அவர் சொன்னதைத் தவிர வேற எதுவும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். அதற்குள் தையல்காரம்மா இந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தாயிற்று. செருப்பெல்லாம் கழற்றவில்லை. சீட்டுக் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "உள்ள ஒரு ஒட்டுக் கொடுத்து ரெட்டைத் தையல் போட்டா இன்னும் பத்து வருஷம் நிக்கும்" என்றார். எட்டி ஹார்னை அமுக்கினார். துடைப்பான் ஒருமுறை ஆடிவிட்டு நின்றது. கலகலவென்று சிரித்து மறுபடி அமுக்கினார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக் குறைசொல்லி சந்தோஷப்பட வேண்டியதுதானே? மாட்டாரே! பழகிவிட்டது இவளுக்கு, பழசைக் கண்டால் ஊசியைத் தேட ஆரம்பித்துவிடுகிறாள், நான்தான் இப்படிப் பழக்கிவிட்டேன் என்று இன்னும் குன்றிப்போனார். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, சாவியை அவர் கையில் வைத்தாள். "நீங்களும் அம்மாவும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. நான் இவங்ககூடப் பேசிட்டு இருக்கேன்."

தெருவைத் தாண்டி, மரக்கடையைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுக்கு வந்தார்கள். மூன்றாவது கியர் முரண்டு பிடித்தது. கெஞ்சிப் போட்டார்.

"உனக்கு நிஜமா எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். "எனக்காகச் சொல்லக்கூடாது."

"இதுதான்."

"அது பழக்கத்துல சொல்ற."

"என்ன பழக்கம்?"

அவ்வளவுதான். இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது மொத்தமாக வந்துவிட்டது. "அந்த மாடி வீட்டு ஃபிரிட்ஜ்ல நீ தாளை உரிச்சியே, அப்ப உன் முகத்தைப் பாத்தேன். நான் உனக்கு அப்படி ஒண்ணு கொடுத்திருக்கேனா? கட்டில், மேஜை, பீரோ, எல்லாமே யாரோ வேண்டாம்னு விட்டது. நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, உன் கையில புதுசுன்னு ஒரு பொருளை நான் வெச்சதில்ல. ஒண்ணே ஒண்ணாவது வெச்சிரணும்னுதான் புது வண்டி கேட்டேன். வாரண்டியாவது மண்ணாங்கட்டியாவது!"

தையல்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தான் இத்தனை கூத்தா?"

"ம்."

"உரிக்கும்போது ஆசையாத்தான் இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா புதுசா எதுவுமே கொடுக்கலன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியல." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் வந்தப்போ நம்ம பொண்ணுக்குப் பேச்சே வரலையே, ஞாபகம் இருக்கா? எது வேணும்னாலும் கையைத்தான் நீட்டுவா. ஒருநாள் நான் தைச்சிட்டு இருக்கேன், நூல்கண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில போயிருச்சு. அவ தவழ்ந்து போய் எடுத்துட்டு வந்து என் மடியில வெச்சா. வெச்சிட்டு, 'அம்மா'ன்னு சொன்னா. அவ வாயில இருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். நீங்க கடையில இருந்தீங்க."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அதுக்கு முன்னாடி அந்த வார்த்தையை அவ யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. பெத்த அம்மாவுக்குக்கூட அது கிடைக்கல. அவங்க கேக்க வேண்டியது. அந்தப் புண்ணியவதி கேக்காமப் போனாங்க, எனக்குக் கிடைச்சுது. ஒரு விரல் படாம, அப்படியே புதுசா வந்து என் மடியில விழுந்துச்சு. தினமும் அவங்களை நினைச்சு ஒரு நன்றி சொல்லிட்டுத்தான் தையல் மெஷின்ல கைவைப்பேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அவளை என்கிட்ட கூட்டிட்டு வந்தது நீங்கதானே? அதைவிடப் புதுசா ஒண்ணு எந்தக் கடையிலங்க விக்குது?"

குறைசொல்லிக்கு ரோடு தெரியவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை.

"ஓரமா நிறுத்துங்க. அழுதுட்டு அப்புறம் ஓட்டலாம்" என்றார் தையல்காரம்மா. நிறுத்தினார். அந்த அம்மா கைக்குட்டையை எடுத்து நீட்டிவிட்டு, அவர் முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தனக்கும் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்ததால் பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவர்கள் திரும்பி வந்தபோது மகள் முற்றத்து வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். வண்டி முழுதாக நிற்பதற்குள் ஓடி வந்து ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"அம்மா, என்ன முடிவு பண்ணீங்க?"

வீட்டில் காலையிலிருந்து இரவுவரை ஓயாமல் கேட்கிற வார்த்தைதான். ஆனால் குறைசொல்லி என்ஜினை அணைத்துவிட்டு, அது தன் மனைவியின் காதில் போய்ச் சேருவதைத் திரும்பிப் பார்த்தார்.

"இதையே எடுத்துக்கலாம்டி" என்றார் தையல்காரம்மா.